குளிர்சாதனப் பெட்டியும் கருவாட்டு வாடையும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் மலேசியாவில், கிள்ளான் நகரில் உள்ள எங்கள் வீட்டில் எது பழுதானாலும் நான்தான் 'டாக்டர்'.

போன மாதம் குளிர்சாதனப் பெட்டி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. உள்ளே அம்மா விற்பனைக்கு அரைத்து வைத்த தோசை மாவு. புளித்துப்போனால் அத்தனை உழைப்பும் வீண். பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தேன்.

"கம்ப்ரஸர் போயிருக்கும்லா, புதுசு வாங்கிடுங்க" என்றார்.

நான் நம்பவில்லை. பக்கத்திலேயே நின்று கவனித்தேன். அம்மா கிரைண்டரைப் போட்டதும் பெட்டி திணறி நின்றது. கிரைண்டரை நிறுத்தியபின், சற்று நேரத்தில் மறுபடியும் ஓடியது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியவள் நான்தான். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியை நகர்த்தினேன். பின்னால் பிளக் கருகி உருகியிருந்தது.

"கருகுற வாடை வருதுன்னேன். பக்கத்து வீட்டு ஆன்டி கருவாடு பொரிக்கிறாங்கன்னு சொன்னியே, டாக்டரம்மா!" என்றார் அம்மா.

எலக்ட்ரீஷியனை வைத்துப் புதுப் பிளக் போட்டு, பெட்டிக்குச் சுவரிலேயே தனி இணைப்புக் கொடுத்துவிட்டேன். அதே பழைய கம்ப்ரஸர் இன்றும் நன்றாக ஓடுகிறது. இப்போதெல்லாம் கருவாட்டு வாடை வந்தால் முதலில் எங்கள் பிளக்கைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் ஆன்டி மீது பழி!