இரவல் கேட்டு வந்தவர்கள்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சாமானாவது வைத்த இடத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சல்லடையைத் தேடினால் அது பக்கத்து வீட்டில் இருக்கும். முறத்தைத் தேடினால் எதிர்வீட்டில் இருக்கும். தீபாவளி எங்கேயோ இருக்கும்போது ஒருத்தி வந்து முறுக்கு அச்சு கேட்டால் அவளை என்னவென்று சொல்வது? அம்மிக் குழவியை இரவல் வாங்கிப் போன மனுஷியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டு அம்மியும் குழவியும் கொல்லைப்புறத்தில் சும்மாதான் கிடந்தன. நானே பார்த்தேன்.

எங்கள் தெரு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டி இருந்தது. நைனா ஒரு ஷாப்பில் மேஸ்திரி. ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் சேர்ந்து அடிக்கும் வாடை எங்களுக்கு வாடையாகவே தெரியாது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள்தான் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நைனாவின் தங்கை, என் அத்தை, குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வந்து கொஞ்ச நாளில் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்தாள். எப்படியோ காப்பாற்றி, வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிழைக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஒன்றுமே முழுக் காரணம் இல்லை என்பாள் அம்மா.

இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குச் சொன்னது வயிற்றுவலி. ஊருக்குச் சொன்னதும் அதேதான். பிழைத்து வந்தவர்கள் மேல் போலீஸ் கேஸ் போடுகிற காலம் அது. சாவதற்குத் துணிந்தவளை ஜெயிலில் போட்டால் வாழ்வதற்கு ஆசை வந்துவிடும் என்று எந்தப் புத்திசாலி நினைத்தானோ தெரியவில்லை. அதனால் வீட்டுக்கு வெளியே விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பக்கத்து வீட்டு பீபியம்மா ஒருத்தி, எதிர்வீட்டு அக்கா ஒருத்தி.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். இவளை இப்போதைக்குத் தனியாக விடாதீர்கள். அதற்காகக் காவல் போட்ட மாதிரியும் வைக்காதீர்கள். நாலு பேர் வரட்டும், போகட்டும், பேச்சுக் கொடுக்கட்டும். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். மாசாமாசம் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இவ்வளவுதான் சொன்னது. அம்மா வீட்டுக்கு வந்து பீபியம்மாவையும் எதிர்வீட்டு அக்காவையும் உட்கார வைத்துப் பேசினாள். காவல் மாதிரி இல்லாமல் காவல் இருப்பது எப்படி என்று மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததுதான் இந்த இரவல்.

அதிலும் அம்மா ஒரு சட்டம் வைத்தாள். யார் எதைக் கேட்டு வந்தாலும் அத்தைதான் எழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். சல்லடை என் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். நான் எட்டினால் பின்னலைப் பிடித்து இழுப்பாள்.

"நீ குந்துடி. அத்தை எடுத்துத் தருவாங்க."

அத்தை எழுந்திருப்பதற்குள் பொழுது போய்விடும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள் மெதுவாகத் திரும்பி, மெதுவாக எழுந்து, மெதுவாக நடந்து வருவாள். இரவல் கேட்டு வந்தவள் வாங்கிக்கொண்டு போவாளா? மாட்டாள். "இது நல்ல சல்லடைதானாம்மா? ரவை சலிக்கலாமா? ஒரு தபா நீயே சலிச்சுக் காட்டேன்" என்று உட்கார்ந்துவிடுவாள். சாயந்திரம் திருப்பிக் கொடுக்க வருகிற சாக்கில் இன்னொரு தரம் உட்காருவாள்.

எனக்கோ வயிறு எரியும். நான் ஒரு தம்ளரைக் கீழே போட்டால் முதுகில் விழும். அத்தை சோற்றை அடிபிடிக்க விட்டால் "பரவால்லம்மா, வாசனையா கீது" என்று சொல்லிவிட்டு அம்மா அதையே சாப்பிடுவாள். அத்தைக்குப் பால், அத்தைக்கு முட்டை, அத்தைக்கு மாசாமாசம் காட்பாடி வரைக்கும் ரயில், அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா வண்டி. வயிற்றுவலி எனக்கும்தான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சுருண்டு படுத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள்.

அத்தைக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் பீபியம்மா உலக்கையை வாங்கிக்கொண்டு வாசல்படி இறங்கியதும் அத்தை அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா அண்ணி, நான் இன்னா கண்ணாடிச் சாமானா? பீபிம்மா வீட்ல உலக்க இல்லியா?"

"அது வெடிச்சுப் போச்சாம்மா."

"நேத்து முறம் கிழிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி சல்லட ஓட்டயாச்சு. அந்த வீட்ல இன்னாதான் உருப்படியா கீது?"

இதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் என்னோடு ஒத்துப்போகிற ஒரே ஆள் அத்தைதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மா அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

என் பொறுமை போனது பல்லாங்குழியால். பீபியம்மா தன் மருமகளுக்குப் பொழுது போகவில்லை என்று என் பல்லாங்குழிப் பலகையைக் கேட்டாள். அது என்னுடையது. மாமா திருப்பத்தூர்ச் சந்தையில் எனக்கென்று வாங்கி வந்தது. அத்தை அதைப் புளியங்கொட்டையோடு எடுத்துக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன பலகை வரவே இல்லை. கேட்டால் "இரு கண்ணு, நாளைக்கி" என்பாள் பீபியம்மா. இவர்களுக்கெல்லாம் வெட்கம் மானம் ஒன்றுமே கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாரத்தில் ஒரு நாள்தான் எங்களுக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை. சாயபுமார்களின் ஷாப்புகளுக்கு அன்றைக்கு லீவு. நைனா வீட்டில் இருப்பார். இரவல்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். போதாததற்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது. உப்பு, ஊசி, தயிர், நெருப்பு எதுவும் கொடுக்க மாட்டார்கள். அதிலும் உப்பைக் கொடுத்தால் லட்சுமியும் கூடவே எழுந்து போய்விடுவாள் என்று அம்மா எனக்கு நாலு வயசிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏலகிரிப் பக்கத்திலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வந்து சேர்ந்தன. இறக்கிவைக்க ஆள் இல்லை என்று நைனாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சாயந்திரம் அம்மா விளக்கை ஏற்றி முடித்த நேரம், ஷாப் ஆள் ஒருவன் ஓடி வந்தான். பட்டைக் கட்டு சரிந்து நைனாவின் கால்மேல் விழுந்துவிட்டதாம். அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். வாசலிலிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அத்தைய உட்டு நகராத. பீபிம்மா இப்ப வருவாங்க."

பீபியம்மா வந்தாள். பாவம், அவளுக்கும் பதற்றம். சும்மா வந்து உட்கார்ந்தால் காவல் என்று தெரிந்துவிடுமே என்று, கைக்குக் கிடைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் உப்பு குடு கண்ணு. அத்தைய எடுத்தாரச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம்! உலகத்தில் எத்தனை சாமான் இருக்கிறது, அதில் உப்பு! அதுவும் வெள்ளிக்கிழமை, அம்மா ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது!

"விளக்கு வெச்சாச்சு. உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதல்ல என் பல்லாங்குழியக் குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"ஐயோ, மறந்துட்டேன் கண்ணு. உப்பு வாணாம், கதவத் தொறம்மா" என்று தட்டிப் பார்த்தாள். நான் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்லிக் கத்த அவளால் முடியாது. தெரு முழுக்கக் கேட்டுவிடும். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்று அங்கே ஓடியிருக்கிறாள். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தன் வீட்டுக்குள் போய் அழுதுகொண்டே மருமகளைச் சுவரேறிக் குதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம்.

நான் வெற்றியோடு உள்ளே வந்தேன். அத்தை சமையலறையில் இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஓடியதிலிருந்து அப்படியே நின்றிருக்கிறாள்.

"எங்க அண்ணனுக்கும் இப்டி ஆய்டுச்சு. என்னால உங்க எல்லாருக்கும் எவ்ளோ பேஜார்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

"நைனாவுக்குக் கால்லதான அடி. கட்டுப் போட்டா சரியாப் பூடும்" என்றேன். எனக்கு என் கவலை. "நீ கேக்கறவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்காத அத்தை. இந்த பீபிம்மாவப் பாரு, இப்ப வந்து உப்பு கேக்கறாங்க."

"பீபிம்மாவா? வந்தாங்களா? எங்க?"

"தொரத்திட்டேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். எனக்குப் பசி வேறு. சோறு போடு என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடந்தாள். எழுந்து வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்பவள், தாழ்ப்பாளை நீக்கி, வாசல்படி தாண்டி, தெருவில் இறங்கிவிட்டாள். புருஷனை இழந்தவள் விளக்கு வைத்த நேரத்தில் தெருவுக்கு வரக் கூடாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. "அத்தை, அத்தை" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

பீபியம்மா வீட்டு வாசலில் நின்று கிண்ணத்தை நீட்டினாள்.

"பீபிம்மா, கொஞ்சம் உப்பு."

பீபியம்மா வெளியே வந்தவள் பேயறைந்த மாதிரி நின்றாள். கிண்ணத்தை அவள் வாங்கவில்லை. அத்தையின் மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொண்டாள். அப்போது அத்தை ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்குப் பயமா கீது பீபிம்மா. வீட்ல யாருமே இல்ல. தனியா இருக்க முடியல."

யாருமே இல்லையாம்! அப்போது நான் யார்? குத்துக்கல்லா? இவ்வளவு நேரம் பக்கத்திலேயே நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேனே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பீபியம்மா அத்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் முந்தானையால் முகத்தைத் துடைத்து, "வந்துட்ட இல்ல, வந்துட்ட இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். உப்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. நைனா காலில் கட்டோடு சாய்ந்திருந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லையாம். அம்மா இறங்கியும் இறங்காமலும் நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். நான் முந்திச் சொல்லாவிட்டால் பழி என்மேல் விழும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, இந்த அத்தை இன்னா பண்ணாங்க தெரியுமா? விளக்கு வெச்சப்புறம் பீபிம்மா வீட்டுக்குப் போய் உப்பு கேட்டாங்க!"

அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"யாரு கேட்டா?"

"அத்தைதான்."

"பீபிம்மா வந்து கூப்ட்டாங்களா?"

"அவங்க எங்க கூப்ட்டாங்க? அவங்களத்தான் நான் தொரத்திட்டேனே. அத்தையே போனாங்க. அத்தையே கேட்டாங்க."

"அவளேவா? அவளே வாயத் தொறந்து கேட்டாளா?"

இப்போது விழப்போகிறது அத்தைக்கு என்று நான் காத்திருந்தேன். அம்மா தெருப் புழுதியில் அப்படியே உட்கார்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். நைனா வண்டியில் இருந்தபடியே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் வலி போலிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, அடுத்த வீட்டில் போய் உப்புக்குக் கையேந்தியிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று உள்ளே ஓடி, எங்கள் உப்பு ஜாடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் வைத்துத் திறந்து காட்டினேன். பாருங்கள், கழுத்துவரை உப்பு இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்று கத்தினேன். ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.