வெள்ளத்தில் வந்த அக்கா

விழுப்புரம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றபின், தென்பெண்ணைக் கரையிலுள்ள இந்தச் சிற்றூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை பேச ஆள் இருந்தது. இப்போது சில நாள் பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர்" மட்டும்தான் நான் பேசியதாக இருக்கும்.

போன வருடம் மாதா கோயில் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வருகிறதாம். விழா மலருக்கு ஊர் வரலாறும் பங்கின் வரலாறும் வேண்டும் என்று பழைய பதிவேடுகளைக் கொடுத்தார்.

முதல் கோயிலை ஆறு அடித்துப்போனது, மேட்டில் புதிதாகக் கட்டியது, காலராவில் ஒரே வீட்டில் ஐந்து பேர் போனது எல்லாம் அதில் இருந்தன. அடக்கப் பதிவேட்டில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'பெண். நாற்பது வயதிருக்கலாம். வெள்ளத்தில் வந்தவள்.' பெயர் இல்லை. தகப்பன், கணவன் பெயர் எழுதும் இடமும் காலி.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் தேடினேன். பக்கத்து நிலத்தில் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் வேலியருகே வந்தார்.

"இன்னாம்மா தேடிக்கினு இருக்கீங்க?"

சொன்னேன்.

"அக்காவா? எங்கப்பாதான் கரையில பாத்து தூக்கினு வந்தாரு. ஊர் பேர் தெரியாத பொணம்னு எங்க சுடுகாட்டுல எரிக்க உடல. அப்ப இருந்த சாமியாருதான் இங்க எடம் குடுத்தாரு."

ஒரு வேப்பமரத்தடியைக் காட்டினார். சிலுவை இல்லை.

"ஆடிப்பெருக்குக்கு வருசா வருசம் பொடவ வெச்சுப் படைக்கிறோம். பேரு தெரியலயே, அதான் அக்கான்னு கூப்புடறது."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அக்காவையும் சேர்த்து நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த மலர்க் குழுவினர், "விழா மலர்ல இது எதுக்கு மேடம்?" என்றார்கள். சாமியார் இன்னொருமுறை படித்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அப்படியே அச்சானது.

கல்லறைத் திருநாளன்று வேப்பமரத்தடியில் மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் நிற்கவில்லை. நிலத்திலிருந்து வந்த பெரியவரின் மனைவி முந்தானையால் மறைத்துப் பிடித்தார்.

"ஆடிக்கு நீங்களும் வாங்கம்மா."

"வர்றேன்" என்றேன்.

போனேன். மஞ்சள் புடவை வைத்திருந்தார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். படைத்த சோற்றில் ஒரு பங்கை இலையில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தனியாகத்தான் சாப்பிட்டேன்.