அச்சுக்கு முன் ஒரு கேள்வி

கிருஷ்ணவேணிக்கு மாக்ரோ என்ற சொல் அறிமுகமானது முப்பத்தெட்டு வயதில். முசரவாக்கத்தில் பிறந்து, பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் டைப்ரைட்டரில் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் சென்னைக்குக் குடிபோனதும், 2001-ல் இருபது படுக்கை கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள்.

அங்கே அவளுடைய முக்கிய வேலை டிஸ்சார்ஜ் சீட்டு அடிப்பது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பும் தாள் அது. என்ன நோய், என்ன வைத்தியம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் இருக்கும். டாக்டர் ஸௌந்தரராஜன் கையால் எழுதித் தருவதை அவள் வேர்டில் அடித்து எடுப்பாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அடிக்க நேரம் பிடிக்கும். அதனால் முந்தைய நோயாளியின் கோப்பைத் திறந்து, பெயரையும் விவரங்களையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவாள். டைப்பிஸ்டுகள் பலரும் செய்வதுதான்.

2003 ஆடி மாதம் ஒரு காலை, வாலாஜாபாத்திலிருந்து லோகாம்பாள் என்ற பெண் வந்து அப்படி ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தாள். அவள் கணவர் சபாபதி ரைஸ்மில்லில் மூட்டை தூக்குபவர். இரண்டு மாதத்துக்கு முன் இங்கேதான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். போன வாரம் காலில் ஆணி குத்தி, தனியாக வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஆகாத மருந்தின் பெயர் லோகாம்பாளுக்குத்தான் தெரியும், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சீட்டை நீட்டியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அங்கே பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சடைத்து, பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார்.

"அந்த ஊசி ஆவாதுன்னு உங்க டாக்டராண்ட சொல்லித்தானே இருந்தோம்? இதுல இன்னா போட்டிருக்குது, படிங்க" என்றாள் லோகாம்பாள்.

அலர்ஜி என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. டாக்டர் எழுதித் தந்த தாளைத் தேடி எடுத்தார்கள். அதில் பென்சிலின் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. முந்தைய நோயாளியின் 'இல்லை' மாற்றப்படாமல் அப்படியே தங்கிவிட்டிருந்தது.

தலைமை நர்ஸ் மரியம்மாள் கேட்டாள்: "இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"பொழச்சிக்கினாரு. மூணு நாளு அவரு மூஞ்சப் பாக்கவே எங்க பொண்ணு பயந்துச்சி."

அன்று மதியம் கிருஷ்ணவேணி ராஜினாமாக் கடிதத்தோடு டாக்டர் அறைக்குப் போனாள். மரியம்மாளும் கூடப் போனாள். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடிச்சது நீ. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். நான் யார்கிட்ட ராஜினாமா கொடுக்கறது?"

"இனிமே கவனமா இருக்கேன் சார்."

"இத்தினி நாளும் கவனமாத்தான் இருந்த" என்றாள் மரியம்மாள். "ஒரே நாள்ல எட்டு பேரு வீட்டுக்குக் கெளம்பினா, கவனம் எங்கம்மா நிக்கும்?"

"சிஸ்டர் சொல்றது சரி. வேற வழி இருக்கான்னு பாரு" என்று டாக்டர் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணவேணி பஸ் ஏறி வாலாஜாபாத் போனாள். சபாபதி கட்டிலில் சாய்ந்திருந்தார். தன் கையால் நேர்ந்த பிழை என்று சொல்லி அவள் அழுதாள். "வந்து சொன்னியே, போதும்மா" என்றார் அவர். லோகாம்பாள் அவ்வளவு சுலபமாக இளகவில்லை. வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னொருத்தருக்கு இப்டி வராம பாத்துக்க."

அந்த வாக்கியம் கிருஷ்ணவேணியைத் தூங்கவிடவில்லை. பழைய புத்தகக் கடையில் வேர்ட் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். வருஷக்கணக்காக ஆங்கிலம் அடித்திருக்கிறாளே தவிர, படித்துப் புரிந்துகொள்வது வேறு காரியமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். நாமே எழுதும் சிறு கட்டளைத் தொகுப்புதான் மாக்ரோ என்று புரிந்தது. வேர்டில் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டளையின் பெயரையே அதற்கு வைத்தால், அந்தக் கட்டளையை அழுத்தும்போது நாம் எழுதியது ஓடும். புதுத் தாள் திறப்பது போன்ற நிகழ்வோடும் அதைச் சேர்த்துவிடலாம்.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தாள். இனிப் பழைய கோப்பைத் திருத்தும் வேலை கிடையாது. புதுத் தாள் திறந்தால் எல்லா இடமும் காலியாக வரும், கர்சர் நேரே அலர்ஜி வரியில் போய் நிற்கும். அச்சிடச் சொன்னால் அந்த வரியைச் சோதிக்கும். காலியாக இருந்தால் 'அலர்ஜி கேட்டாச்சா?' என்று ஒரு பெட்டி வரும், தாள் வராது. நிரப்பியிருந்தால் நோயாளி பெயரையும் அந்த வரியையும் சேர்த்துக் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே அச்சாகும். அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து சிதறிப் போனதால், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவைத்தாள்.

மரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மெனுவைத் திறந்து அச்சிடச் சொன்னபோது பெட்டி வந்து தடுத்தது. கைதட்டிய மரியம்மாள், தானும் ஒரு தடவை பார்க்கலாம் என்று மேலே இருந்த பிரிண்டர் படத்தைச் சொடுக்கினாள். கேள்வி கேட்காமல் தாள் வெளியே வந்து விழுந்தது. அலர்ஜி வரி காலி.

"ஐயோ, நான் இன்னாமா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. நல்லவேளை, நீங்க அமுக்கினீங்க."

மறுபடி புத்தகம். மெனுவில் இருப்பது ஒரு கட்டளை, படத்தில் இருப்பது இன்னொரு கட்டளை, இரண்டுக்கும் பெயர் வேறு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாவது பெயரிலும் ஒரு மாக்ரோ எழுதினாள். எந்த வழியாகப் போனாலும் இப்போது கேள்வி வந்தது.

கார்த்திகையில் அவள் இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள். துர்கா என்ற கல்லூரி மாணவிக்கு டாக்டரே உட்கார்ந்து சீட்டு அடித்தார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அச்சிடப் போனால் பெட்டி வந்து நின்றது. இரண்டு தரம் மூடினார், இரண்டு தரமும் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வார்டுக்குப் போய்க் கேட்டார். துர்காவின் அம்மா யோசித்துச் சொன்னாள்: சின்ன வயதில் சல்ஃபா மாத்திரை ஒன்று கொடுத்து உடம்பெல்லாம் கொப்புளமாகிவிட்டதாம். டாக்டர் அப்போதுதான் அடித்து வைத்திருந்த சீட்டில் அதே வகை மாத்திரை இருந்தது. திரும்பி வந்து அதை எடுத்துவிட்டு வேறு மருந்து எழுதினார்.

கிருஷ்ணவேணி வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோர் எதிரிலும் சொன்னார்: "உன் பெட்டி என்னை எழுப்பி வார்டுக்கு அனுப்பித்து. ரொம்ப நன்றிம்மா." அவள் கைகூப்பினாள்.

அந்த மாக்ரோ ஐந்து வருடம் ஓடியது. 2008-ல் மருத்துவமனைக்கு முழு மென்பொருள் வாங்கினார்கள். பொருத்த வந்த லக்ஷணா என்ற பெண், "இந்தச் செக்கிங் இதுலயே இருக்கு மேடம்" என்றாள். கிருஷ்ணவேணி நம்பவில்லை. மெனு வழியாக, படத்தின் வழியாக, விசைப்பலகை வழியாக, எல்லா வழியிலும் அச்சிட்டுப் பார்த்த பிறகே தன் மாக்ரோவை நீக்கச் சம்மதித்தாள்.

"வருத்தமா இல்லியாமா?" என்று மரியம்மாள் கேட்டாள்.

"இன்னாத்துக்குக்கா வருத்தம்? நான் தப்புப் பண்ணா புடிக்கறதுக்கு என்னவிட கெட்டியா ஒண்ணு வந்திருக்குது. சந்தோசம்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியின் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.