பட்டினிக் கூண்டில் ஒரு கிள்ளுப் பொங்கல்

சாவுச் செய்திகள் எனக்கு எப்போதும் அடுப்பு எரியும் நேரத்தில்தான் வருகின்றன. 1991 ஏற்கெனவே போதுமான சாவுகளைத் தந்துவிட்ட ஆண்டு. ரங்கநாயகி ஸ்ரீபெரும்புதூரில் தம் வீட்டில் காலமானார் என்று அவருடைய மகன் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் சொன்னான். திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன். சற்றுப் பொறுத்து மீண்டும் பற்றவைத்தேன். யார் போனாலும் இருப்பவர்களின் ஈரல் வேளைக்குச் சோறு கேட்கும் என்பது அவருடைய கட்சி.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு, வாலாஜாபாத் ஆலையில் கோழித் தீவனத்தைச் சோதித்துக்கொண்டிருந்த அம்மாள் அவர். அதற்கு முன் ஒரகடம் ஆய்வுக்கூடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை, உடன் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும்.

உணவு ஈரலின் மரபணுக்களை எவ்வாறு ஏவுகிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். கொழுப்பை உண்டாக்கும் மரபணு பட்டினியில் அடங்கிக் கிடக்கும்; மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். "தலையெழுத்து தலையெழுத்துங்கறாளே, அதை எப்போ வாசிக்கணும்னு சோறுன்னா சொல்றது!" என்பார். கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர் எலியின் ஈரலை அறுத்துவிட்டு வருவதை வீட்டார் எப்படி ஏற்றார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கொல்லைப்புறக் கிணறு எதுக்கு இருக்கு?" என்றார்.

ஒருமுறை, பட்டினி போட்ட எலிகளின் ஈரலில் அந்த மரபணு முழுமூச்சாக வேலை செய்திருந்தது. மரபணு விழித்திருந்தால் மட்டும் கோடு விழும் எக்ஸ்ரே பிலிமில், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கறுப்புக் கோடு. நிதியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய நிபுணர் குழு வரவிருந்த சமயம் அது. ஆய்வுக்கூட இயக்குநர் துள்ளினார். "பட்டினியிலும் இது வேலை செய்யுதுன்னா உலகத்துக்கே புதுசு, மேடம்!"

"எலி பொய் சொல்லாது சார். யார் சோறு போட்டதுன்னு கேட்டுட்டு உலகத்துக்குச் சொல்லலாம்" என்றார் ரங்கநாயகி.

எலிக்கூண்டுகளைப் பராமரித்த சேரப்பணஞ்சேரி முனியம்மாவிடம் கேட்டோம்.

"நான்தாம்மா போட்டேன். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகங்கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். நான் பட்டினி கெடந்தா எனக்குப் புண்ணியம் கீது. அதுங்களுக்கு இன்னா கீது? கம்பியக் கடிச்சிக்கினு கெடக்குதுங்க. பிரசாதந்தானே, ஆளுக்கொரு கிள்ளு சக்கரப் பொங்கல் வெச்சேன்."

"ஆளுக்கா?" என்று இரைந்தார் இயக்குநர்.

"சரி, எலிக்கு."

முனியம்மாவை அன்றே வெளியேற்றச் சொன்னார் அவர். "என்னையும் சேர்த்து அனுப்புங்கோ. பட்டினி எதுக்குன்னு அவகிட்ட சொல்லாதது நான்" என்று ரங்கநாயகி பதில் சொன்னார். முனியம்மா தப்பினாள், ஆராய்ச்சி தப்பவில்லை. குழுவினரிடம் காட்ட ஒன்றும் இல்லை என்று ரங்கநாயகியே சொல்லிவிட்டார். நிதி நின்றது, அவர் கோழித் தீவனத்துக்குப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வருடமாவது ஓடியிருக்கும். அசடு என்றேன். அந்தக் கருத்தை இன்னும் முழுவதும் திரும்பப் பெறவில்லை.

கடைசியில் அவருக்குக் கெட்டுப்போனது ஈரலே. குடிப்பழக்கம் உண்டா என்று உறவினர் சிலர் காதோடு காதாக விசாரித்தார்கள். "உண்டுன்னு சொல்லுங்கோ, பெருமாள் தீர்த்தம்" என்றார் படுக்கையிலிருந்து.

நலிந்த ஈரலால் இரவுப் பட்டினியைத் தாங்க முடியாது. விடிவதற்குள் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மருத்துவர் காலைதோறும் வெறும் வயிற்றில் சோதித்துவந்தார். ஒருநாள் காலை அளவு சரியாக இருந்தது. "ஈரல் கொஞ்சம் தேறுது" என்றார் மருத்துவர். மகன் முகத்தில் அத்தனை நாள் காணாத வெளிச்சம். வடக்கே இரும்பாலையில் வேலை அவனுக்கு. அன்று மாலை ரயிலுக்கே புறப்பட்டுவிடுவதாகவும், தீபாவளிக்கு வருவதாகவும் சொன்னான்.

ரங்கநாயகியின் பார்வை முக்காலியில் கிடந்த இலைப் பொட்டலத்தில் இருந்தது. "டாக்டர், யார் சோறு போட்டதுன்னு கேளுங்கோ."

முதல் பஸ்ஸில் வந்திருந்த முனியம்மா சுவரோரம் எழுந்து நின்றாள். "நாந்தான். ஒரு கிள்ளுதான் ஊட்னேன். ஒடம்பு இப்டி கீறவங்கள இன்னாத்துக்குப் பட்டினி போடறீங்க?"

மகனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ரங்கநாயகியின் பக்கம் குனிந்து, "ஒரு நாளாவது அவன் சந்தோஷமா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"இருக்கலாம் மேடம். ஆனா ரயிலேறிடுவானே" என்றார் அவர்.

மறுநாள் உண்மையான வெறும் வயிற்றில் சோதித்தார்கள். மருத்துவர் அளவைச் சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார். மகன் ரயிலேறவில்லை. தீபாவளிக்கு வெகு முன்பே அவர் போனார். வாயில் கடைசியாகத் தீர்த்தம் விட்டது அவன் கைதான். அந்த உண்மை யாரையும் பிழைக்க வைக்கவில்லை. அவனை அங்கே நிறுத்தியது, அவ்வளவே.

அந்தப் பழைய பிலிம் என்னிடம் இருக்கிறது. எறிய வேண்டியதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அதனோடு அவருடைய கேள்வியையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். மனத்துக்கு இதமான சேதி எது வந்தாலும், யார் சோறு போட்டது என்று முதலில் கேட்கிறேன். தொலைபேசியில் வந்த இந்தச் சேதியிடமும் பழக்கதோஷத்தில் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்; இதற்கு யாரும் எதையும் ஊட்டியிருக்கவில்லை.