எட்டாத கொக்கி

சுருக்குக் கயிற்றின் இரண்டு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போடுகிறார். மான்தோல் பையின் வாய் இறுகுகிறது. ஸ்போரன் என்கிற அந்தப் பையைக் கில்ட் என்னும் ஆண்கள் பாவாடைக்கு முன்னால், பெல்ட்டுக்கு நாலு விரல் கீழே பிடித்துக்கொண்டு, வாரின் இரு முனைகளையும் பின்னால் தொங்கவிட்டு, நாற்காலியில் இருக்கும் மனைவிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் ஃபர்க்கர் மெக்ரே.

"மாட்டிவிடு இஷ்பெல். எனக்குப் பின்னாடி கை எட்டாது."

சுத்தப் பொய். கல்யாண விடுதிக் கழிவறையில் நானே பார்த்திருக்கிறேன். கொக்கியை முன்பக்கம் மாட்டி, அப்படியே இடுப்பைச் சுற்றித் திருப்பி, ஒரு நொடியில் பையை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஸ்காட்லாந்தில் டிங்வால் பக்கத்துக் கல்யாணங்களில் பேக்பைப் வாசிக்கிறவர். சனிக்கிழமைகளில் என் காரில்தான் போவார். ஏறியதும் பையை இடுப்போரம் தள்ளிவிட்டுத் தூங்கிவிடுவார். குடித்த விருந்தாளி எவனாவது, "கில்ட்டுக்குள்ள என்ன இருக்கு பெருசு?" என்று கேட்பான். "காலையிலேருந்து நின்ன களைப்பு" என்பார், சிரிக்காமல். வாசிக்கும்போது கொட்டாவியையும் சேர்த்துத்தான் ஊதுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

இஷ்பெலுக்குப் போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. பழக்கினால் வலது கைக்கு அசைவு திரும்பும் என்றார் மருத்துவர். கரண்டி, சீப்பு, ரப்பர் பந்து எல்லாவற்றையும் இஷ்பெல் தள்ளிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மாட்டிவிட்ட இந்தக் கொக்கியை மட்டும் தள்ளவில்லை. அதனால் ஃபர்க்கருக்கு வீட்டில் மட்டும் கை எட்டாது.

இப்படி நின்று நின்றே போன வாரம் தாமதம். "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று விடுதிக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது. வாசலில் கார் எஞ்சினை ஓடவிட்டு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"ஃபர்க்கர், பொண்ணு சர்ச்சுக்கே கிளம்பியிருக்கும்யா!"

"நீயே மாட்டிக்கிட்டுப் போய்த் தொலையேன்." இஷ்பெலின் குரல் உடைந்தது. "இந்தக் கை செத்துப்போச்சு."

"எட்டலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு இஷ்பெலின் விரல்கள் மறுபடி வாரைத் தேடின. கை அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. ஃபர்க்கர் மேசையைப் பிடித்துக்கொண்டு, முனகியபடியே, மனைவியின் மடிக்கு நேராக முதுகு வரும்படி தரையில் மண்டியிட்டார். அங்கிருந்தே என்னைப் பார்த்து, எஞ்சினை அணைத்துவிடு என்று கையைக் காட்டினார்.