கார் கதவில் அகப்பட்ட விரல்

எழுபதுகளில் நாங்கள் குடியேறியிருந்த செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாக்தாத்திலிருந்து வந்த வெள்ளி வேலைக்காரர். அவர்கள் மண்டேயர்கள் என்ற பழைய சிறு மதத்தினர். ஓடும் ஆற்றில் மூழ்கி எழுவதுதான் அவர்களுடைய வழிபாட்டின் உயிர். அவருடைய தகப்பன், பாட்டன், அதற்கும் மேலே பல தலைமுறை குருமார். இவர் மட்டும் இல்லை. சிறு வயதில் பட்டறையில் ஒரு விரல் நுனி போய்விட்டது. உடலில் குறை உள்ளவர் அவர்களிடையே குருவாக முடியாது. ஆகவே எல்லாம் மகன் தலையில் வந்து நின்றது. அவனுக்கு இருபது வயது. பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் பாக்தாத்துக்குப் போய்க் குருவாவதாக ஏற்பாடு.

தாய் அவனைக் கிரிக்கெட் விளையாடக்கூட விடமாட்டார். "பிள்ளையில்லை, கண்ணாடிக் கோப்பையெல்லோ வளர்க்கினம்," என்று என் கணவர் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. என் மகள் படி இறங்கினாலே நெஞ்சு பதறுகிற ஆள் நான்.

அவள்தான் கதவைச் சாத்தினாள். ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனில் அவனைக் கண்டு காரில் ஏற்றி வந்தோம். வீட்டு வாசலில் அவன் இறங்கித் திரும்புவதற்குள், என் பதினொரு வயது மகள் பின்கதவை அடித்துச் சாத்தினாள். அவனுடைய சுட்டுவிரல் இடையில் இருந்தது.

"நான் பார்க்கேல்லை அம்மா."



ஆஸ்பத்திரியில் என் மகள் விக்கி விக்கி அழுதாள். அவனுடைய தாய் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அது சுகமாக இருந்திருக்கும். அத்தனை தலைமுறைக் குருமாரையும் என் பிள்ளை ஒரு நொடியில் முடித்துவிட்டாளே என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் வந்து, எலும்பு முறியவில்லை, நகம் விழுந்து புதிதாக முளைக்கும் என்றார். தகப்பன் எழுந்து நின்றார்.

"விரல் முழுதாக இருக்குமா?"

"முழுதாகத்தான். பியானோகூட வாசிக்கலாம்," என்றார் டொக்டர், ஒன்றும் விளங்காமல்.

தகப்பன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கட்டுப் போட்ட விரலோடு வந்த மகனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"ஒரு மணி நேரம் நான் வெறும் மாணவனாக இருந்தேன், அன்ரி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதுவே போதும்."

தாய் அவன் முதுகில் பளாரென்று ஒன்று போட்டார். அடுத்த கணம் சட்டையைத் தூக்கி, அடித்த இடத்தில் ஏதும் காயம் பட்டதா என்று குனிந்து பார்த்தார்.