அம்மாவின் காப்பு என் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை

1. ஆடிச் செவ்வாயன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எனக்கு ஜெர்மனி விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டி அம்மாவும் கட்டிக்கொண்டார்.
2. வெள்ளிக்கிழமை காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா வயிற்றைப் பிடித்தபடி விழுந்தார்.
3. குடல்வால் வெடித்திருக்கலாம், உடனே கோயம்புத்தூர் கொண்டுபோங்கள் என்றார் தோட்டத்து டாக்டர்.
4. அம்மா ஜீப்பில் ஏற மறுத்தார். காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் நீராட்டு முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மஞ்சள் நீராட்டு அடுத்த புதன்கிழமை.
5. திங்கட்கிழமை சென்னையில் எனக்கு விசா நேர்காணல்.

நான் கோயம்புத்தூரில் மின்னணுப் பொறியியல் படிக்கிறேன்; திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரே பிள்ளை. அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்கிறார். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடி வேலைக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. எங்கள் கல்லூரியிலிருந்து ஏழாவது செமஸ்டரை மட்டும் ஜெர்மனியில் படிக்கலாம். என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். "பாத்துக்க, ஒம் மக வெள்ளக்கார மாப்புளயோட வந்து நிக்கப் போறா."

"வரட்டுமே. முதுகுல கூடைய மாட்டி மலைக்கு அனுப்பிருவேன்" என்பார் அம்மா.

எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். பயணத்துக்காக லேப்டாப்பில் நாற்பத்திரண்டு வரிகள் வைத்திருந்தேன். பாடங்களின் ஒப்புதல், விடுதி, காப்பீடு, குளிர் உடுப்பு என்று ஒவ்வொன்றாக முடித்து வந்தேன். முப்பத்தோராவது வரி: 'அம்மா வயிற்றுவலி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.' அதற்கு நேரே நான் எழுதியிருந்தது, 'விசாவுக்குப் பிறகு.'

அந்த வரியை நான்தான் தள்ளிவைத்தேன்.

அன்று ஜீப் பக்கத்தில் அம்மா சுருண்டு கிடந்தார். நெற்றி கொதித்தது. "நா எல்லைய தாண்டுனா புள்ளைக்கு விசா கெடைக்காது. இங்கயே மருந்து குடுக்கச் சொல்லுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார்.

நான் கோயிலுக்கு ஓடிப்போய்ப் பூசாரி மாமாவைக் கூட்டி வந்தேன். "இந்தக் காப்ப வேற ஆளுக்கு மாத்திக் கட்ட முடியாதா மாமா?"

"ரத்த சொந்தம் வாங்கிக்கலாம் தாயி. ஆனா வாங்குனவங்க புதன்கெழம வரைக்கும் எல்லைய தாண்டக் கூடாது." என் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குத் திங்கக்கெழம மெட்ராஸு இருக்குல்ல?"

அப்பா அம்மாவோடு போயாக வேண்டும். அம்மாவுக்கு ரத்த சொந்தம் என்று இங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

அம்மா கண்ணைத் திறந்தார். "வேணாம். புள்ளைக்குப் பயணம் இருக்கு."

"தேதிய மாத்திட்டாங்கம்மா. அடுத்த மாசம்தான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அம்மாவிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. மாமா அம்மாவின் கையிலிருந்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டினார். அதன் பிறகுதான் அம்மா ஏறினார். தோட்டத்து வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்த இடம்வரை ஜீப்புக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அங்கே நின்றுவிட்டேன். ஜீப் மழைக்குள் இறங்கிப் போனது. பெற்ற தாய் சாகக் கிடக்கிறாள், என்னால் கூடப் போக முடியவில்லை.

மாலையில் ஆபரேஷன். வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது என்று அப்பா போனில் சொன்னார். சனிக்கிழமை முழுவதும் அம்மாவுக்கு நினைவு வரவில்லை. டாக்டர்கள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

கோயிலில் போய் உட்கார்ந்தேன். அதுவரை சாமியிடமும் பட்டியலாகத்தான் கேட்டிருக்கிறேன்: மதிப்பெண், தேர்வு, விசா. அன்று ஒன்றுதான் இருந்தது. 'எங்கம்மாவைக் கொடு. வேறு எதுவும் வேண்டாம்.' அழுது அழுது குரல் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவந்தார். இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் அப்பாவின் போன் வந்தது.

"கண்ணு முழிச்சிட்டா புள்ள."

நான் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

"மொத வார்த்தையே ஒன்னையப் பத்தித்தான். தேதி மாறுனது நெசமான்னு கேக்குறா. நா என்னா சொல்ல?"

"நெசம்னு சொல்லுங்கப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

திங்கட்கிழமை, சென்னையில் என் பெயரை அழைத்திருக்க வேண்டிய நேரத்தில், நான் அம்மன் முன்னால் மாவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். நன்றி சொன்னேன். அழவும் செய்தேன். இரண்டும் உண்மை. புதன்கிழமை காப்பை அவிழ்த்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறி அம்மாவிடம் போனேன். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று அங்கே டாக்டர் சொன்னார்.

அடுத்த விசா தேதி அக்டோபர் கடைசியில்தான் கிடைத்தது. அங்கே வகுப்புகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். என் இடம் போய்விட்டது.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு உண்மையைச் சொன்னேன். "நா செத்திருந்தாக்கூட நீ போயிருக்கணும்" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். இருவரும் அழுதோம். அந்த வருத்தம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

என்னைப் போல் உடைந்துபோய் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாரித்தாயிடம் போய் உட்காருங்கள். எனக்குச் செவி சாய்த்தவள் உங்கள் குரலையும் கேட்பாள். ஆனால் வீட்டில் யாருக்காவது வலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நேர்த்திக்கடன் காத்திருக்கும்.

அம்மாவின் காயம் ஆறிவிட்டது. இனிக் கூடை தூக்கக் கூடாது என்பதால் ஃபேக்டரியில் தேயிலை பொறுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது செமஸ்டரைக் கோயம்புத்தூரிலேயே படிக்கிறேன். ஜெர்மனிக்கு வேறு வழி இப்போதைக்கு இல்லை. அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. நான் கூடப் போகிறேன்.